விடைப் பக்கத்துத் தப்பு

கணக்குப் புத்தகம் போடும் பதிப்பகத்துக்காக, அச்சுக்குப் போகுமுன் விடைகள் சரிதானா என்று வீட்டிலிருந்தே பார்த்துத் தருவது அவள் வேலை. கணவர் போய் நான்கு வருடமாகிறது. மகள் ஞாயிறுதோறும் ஃபோனில் பேசுவாள்; பத்து நிமிஷம் தாண்டாது. மற்ற ஆறு நாளும் வாய் திறக்க வேலையே இல்லை.

அன்று வந்த தாள்கட்டில் பதினேழாவது கணக்கு இடறியது. கட்டம் போட்ட தாளில் இரண்டு முக்கோணங்கள். முதலாவது எப்படி இரண்டாவதாக மாறியது என்பது கேள்வி. எதிரொளிப்பு என்றது விடை. ஏ, பி, சி என்று முனைகளின் மேல் விரலை ஓட்டினாள். இரண்டிலும் விரல் வலப்பக்கமாகவே சுற்றியது. கண்ணாடியில் தெரிவதென்றால் ஒன்று இடப்பக்கமாக அல்லவா சுற்ற வேண்டும்? சந்தேகம் தீர, அதே அளவில் ஒரு முக்கோணத்தை வெட்டி முதலாவதின் மேல் வைத்தாள். புரட்டவே வேண்டியிருக்கவில்லை. கால் சுற்று திருப்பியதும் இரண்டாவதின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது.

கணக்கு எழுதுபவர் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். நேரில் பார்த்ததில்லை. மாதம் ஒரு தப்பு அகப்படும், அதற்காக ஃபோனில் பேசுவதோடு சரி.

"டீச்சர், பதினேழு எதிரொளிப்பு இல்லையே. தொண்ணூறு டிகிரி சுழற்சி."

"கண்டுபிடிச்சிட்டீங்களா! வெட்டி வச்சுப் பாத்தீங்களா?"

அந்த உற்சாகம் அவளைச் சுருக்கென்று தைத்தது. "வேணும்னே போட்டீங்களா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "மாசம் ஒண்ணு விடுவேன்மா. தப்பு இருந்தாத்தானே கூப்பிடுவீங்க? இந்த வீட்ல வேற யாரு ஃபோன் பண்றாங்க?"

"பிள்ளைங்க படிக்கிற புத்தகம் டீச்சர்! என் கண்ணுல படாம போயிருந்தா?"

படக்கென்று வைத்துவிட்டாள். கோபம் ஆறச் சாயங்காலமாயிற்று. ஆறிய பிறகுதான் உறைத்தது: தப்பைப் பார்த்ததும் அவளுக்கும் உள்ளூர ஒரு குதூகலம் வந்திருந்தது. அது கணக்கினால் வந்ததா?

அடுத்த மாதம் வந்த தாள்கட்டில் நாற்பது கணக்குகள். மூன்று முறை பார்த்தாள். மருந்துக்கும் ஒரு தப்பில்லை. வீடு கப்சிப்பென்று கிடந்தது. தாள்களை மடித்து உறையிலிட்டு ஒட்டினாள். பிறகு ஃபோனை எடுத்தாள்.

"எதும்மா தப்பு? நான் ஒண்ணும் வைக்கலையே!" டீச்சர் பதறினார்.

"ஒண்ணுமில்ல டீச்சர். எல்லாம் சரியா இருக்கு."

அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் டீச்சர்தான் கேட்டார்.

"சாப்டீங்களா?"

காலை மணி பதினொன்றுகூட ஆகவில்லை. "இன்னும் இல்ல டீச்சர். நீங்க?" என்றாள்.