கேரண்டி வேறு, வாரண்டி வேறு

சலவைக்கடை அக்காவின் மெஷின் துணியை நன்றாகத்தான் துவைத்தது. பிழியும்போது மட்டும் பேய் பிடித்ததுபோல் ஆடி, தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு நின்றுபோகும். வாங்கி ஐந்து மாதம். மூன்று முறை பழுது பார்த்தாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குள் லாட்ஜுக்கு நாற்பது படுக்கை விரிப்புகள் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை எதிர்த்தெரு சலவைக்காரனுக்குப் போய்விடும். லாட்ஜ் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

மெஷினை விற்ற கடைக்குப் போய், புதிதாக மாற்றித் தரச் சொன்னாள். உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அப்புறம் கழுத்தறுக்கிற ரகம் அந்த முதலாளி. மெஷினோடு கொடுத்த அட்டையை அவளிடம் வாங்கி நிதானமாகப் படித்தார்.

“கேரண்டின்னா மாத்திக் குடுக்கிறது. வாரண்டின்னா பழுது பாத்துக் குடுக்கிறது. உங்களுது வாரண்டி அக்கா. ரெண்டும் கூடப் பொறந்ததுங்கதான், ஆனா குணம் வேற.”

எப்போது பார்ப்பீர்கள் என்றாள். மெக்கானிக் வந்ததும் என்றார். அவன் எப்போது வருவான் என்றாள். கூப்பிட்டதும் என்றார். அவள் சண்டை போடவில்லை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தாள்: ‘கடைக்குக் கொண்டுவரும் பொருள் வாடிக்கையாளர் முன்னிலையில் பழுது பார்க்கப்படும்.’

அன்றைக்கே, தள்ளுபடி விற்பனைக் கூட்டம் நெரிந்த பதினொரு மணிக்கு, தள்ளுவண்டியில் அவள் மெஷின் வந்து நட்ட நடுக்கடையில் இறங்கியது. கிடங்குக்குக் கொண்டுபோகச் சொல்லி முதலாளி பதறினார். தன் முன்னிலையில் அல்லவா பார்க்க வேண்டும், கிடங்குக் கதவில் ‘வெளியாள் நுழையக் கூடாது’ என்றல்லவா தொங்குகிறது என்று கேட்டுவிட்டு, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கூப்பிடாமலே மெக்கானிக் வந்தான். பிளக்கை மாட்டினான். மெஷின் தன் ஆட்டத்தை ஆரம்பித்தது. பணம் கட்ட நின்ற ஒரு தம்பதி என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். அக்கா ஒரு சொல் குறை சொல்லவில்லை.

“பழுது பாக்கிறதுல இவங்கள அடிச்சுக்க ஆளே இல்லம்மா. இது நாலாவது தடவை. ஒருதடவகூட முகம் சுளிச்சதில்ல. தைரியமா வாங்குங்க.”

வெளியே வந்த பர்ஸ் திரும்பப் பைக்குள் போயிற்று. இன்னும் இரண்டு பேர் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அவள் காதருகே குனிந்தார்.

“புதுசு எடுத்துக்கங்க அக்கா. சத்தமா ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

“சத்தத்துக்குத் தனி ரேட்டுண்ணே. வண்டிக் கூலி உங்களுது, மாடியேத்தி மாட்டிக் குடுக்கிறதும் உங்க ஆளு.”

அவர் தலையாட்டினார். கேட்டதும் மாற்றிக் கொடுத்த மகராசன் என்று அவள் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பர்ஸ் மறுபடி வெளியே வந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு நாற்பது விரிப்புகளும் லாட்ஜில் இறங்கின. இவள் வரமாட்டாள் என்று நம்பி, அங்கே மானேஜரோடு பேசிக்கொண்டு நின்ற எதிர்த்தெருக்காரன், விரிப்பைத் தடவி வெளுப்பைப் பார்த்துவிட்டு மெஷினை எங்கே வாங்கினாள் என்று கேட்டான். கடை முகவரியைத் தாராளமாகச் சொன்னாள்.

“கேரண்டி கீரண்டின்னு கேட்டு அந்த மனுசன நோகடிக்காதீங்க. வாரண்டியே போதும். கூடப் பொறந்தவங்க மாதிரிக் கவனிப்பாங்க.”