பசு இல்லாத தெரு

எங்கள் தெருவின் முகம் ஜொகூர் பாரு டவுனைப் பார்த்தது. முதுகு கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தைப் பார்த்தது. முன்வாசலில் நின்றால் நாங்கள் டவுன்காரர்கள். பின்வாசலில் லோங்காங் ஓடியது. அந்தச் சாக்கடைக்கு அப்பால் மலாய்க்காரர்களின் பலகை வீடுகளும் தென்னைகளும். சிங்கப்பூர்ப் பாலம் திறந்த பிறகு தெருமுனையில் ஒரு விளக்கு நட்டார்கள். அன்றிலிருந்து பின்கதவைத் திறப்பதையே குறைத்துக்கொண்டோம். நான் மரக்கடையில் கணக்கெழுதும் கிராணி. விளக்கு வந்த வாரமே கோட்டுப் போட ஆரம்பித்தேன். அந்த வெயிலில் அதற்கு வேறு காரணம் கிடையாது.

விளக்கோடு சட்டமும் வந்தது: டவுனுக்குள் மாடு வைக்கக் கூடாது. அடுத்த வீட்டு ராசம்மாவிடம் ஒரு பசு இருந்தது. புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த லட்சுமிதான். பிடித்துக்கொண்டு போனால் அவள் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பிப் பால்வெட்ட வேண்டியதுதான்.

கடைசி வீட்டுக்கு ஜெயபாலன் குடிவந்ததும் எங்களுக்கு நிம்மதி போயிற்று. தனியாள், காக்கி அரைக்கால் சட்டை, யாரோடும் பேச்சில்லை. மாலையில் லோங்காங் ஓரமாக நடப்பான், குனிந்து தண்ணீரைப் பார்ப்பான், பிறகு மூக்கைத் தூக்கி மோப்பம் பிடிப்பான். முனையில் ஆப்பம் சுடும் ஜெய்னம்பு, அவனைச் சுகாதார ஆபீஸ் வாசலில் பார்த்ததாகச் சொன்னாள். அவன் மாடு பிடிக்க வந்தவன் என்பதற்கு ஆப்பம் வாங்க நின்ற யாருக்கும் அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

பிறகு அவனே வாசல் வாசலாக வந்து, பசும்பால் கிடைக்குமா என்று கேட்டான். ஆளின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். பசுவா, நாங்கள் டின் பால் குடிக்கிறவர்கள் என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. அதற்கு அத்தாட்சியாகக் காலி டின்களை வாசலில் அடுக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். மரக்கடையில் என் மூளையை யாரும் மதிப்பதில்லை, தெருவில் மதித்தார்கள். டின் இல்லாதவர்கள் காப்பிக்கடையிலிருந்து பொறுக்கி வந்து அடுக்கினார்கள்.

இரண்டு மழை பெய்தது. ஜெயபாலன் ஒவ்வொரு டின்னாக எடுத்து உள்ளே பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றிலிருந்து அவன் வீடு திரும்பும் நேரத்துக்கு லட்சுமியை என் வீட்டுக் கூடத்துக்குள் ஓட்டிவிடுவோம். தெருவிலேயே என் வீட்டில்தான் குறுக்கே திரை தொங்கியது. துரை பங்களாவில் பார்த்துவிட்டு என் மனைவி செல்வராணி தைத்தது. லட்சுமி அதன் ஓரத்தை மென்றுவிட்டது. அதற்குச் செல்வராணி ஏசியது என்னைத்தான்.

ஒரு நாள் பொழுது சாயும்போது ஜெயபாலன் நேராக என் வீட்டுக்கே வந்தான். கையில் காகிதம் சுற்றிய ஒரு செம்பு. உட்காரச் சொன்னேன். திரைக்குப் பின்னால் ராசம்மா பசுவின் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். இருந்தும் ஒரு "ம்மா" தப்பி வந்தது. நான் பலமாக இருமி, சளி என்றேன்.

அவன் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, உங்க இருமலுக்கு வால் இருக்கு."

திரைக்குக் கீழே அது ஆடிக்கொண்டிருந்தது.

அவன் எழுந்து போகவில்லை. மனைவியும் கைக்குழந்தையும் செனாய்த் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்றான். தாய்க்குப் பால் இல்லை. டின் பால் கொடுத்தால் குழந்தை கக்கிவிடுகிறது. பசும்பால் கிடைத்தால் இன்றே ரயிலில் கொண்டுபோய்க் கொடுத்து, பிறகு இருவரையும் இங்கே அழைத்துவருவதாகச் சொன்னான்.

"இந்தத் தெருவுல வீடு எடுத்ததே சாணி வாசனைக்காகத்தான். கேட்டா எல்லாரும் டின்னைக் காட்டுறீங்க."

நான் விடவில்லை. "நீங்க சுகாதார ஆபீஸ் ஆளுதானே?"

"ஆமா, கொசுவுக்கு எண்ணெய் ஊத்துறவன். மாடு பாக்குற இன்ஸ்பெக்டர் வேற. தண்ணி நிக்கிற டின்னுதான் என் வேலை. வாசலுக்கு வாசல் கொசுப் பண்ணை வச்சிருக்கீங்க, நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

அப்போதும் எனக்குச் சந்தேகம்தான். இவன் பேச்சை நம்பி ஏமாந்தால் கோட்டுப் போட்ட எனக்கு ஒன்றும் ஆகாது. அடுப்பு அணைவது ராசம்மா வீட்டில். மறுபடி இருமப் பார்த்தேன். அதற்குள் திரை விலகியது.

"புள்ளைக்கு எத்தனை மாசம்?" என்றாள் ராசம்மா.

"ரெண்டு, அக்கா."

அவள் அவன் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள். என் கூடத்திலேயே உட்கார்ந்து கறந்தாள். செல்வராணி திரையை ஓரமாக ஒதுக்கிக் கட்டினாள்.

செம்பு நிறைந்ததும் அவன் ஒரு சேதி சொன்னான். மாட்டு இன்ஸ்பெக்டர் என்றைக்காவது வரத்தான் செய்வார். ஆனால் டவுன் எல்லை லோங்காங்கோடு முடிகிறது. பசுவை அந்தப் பக்கம் கட்டினால் யாரும் கேட்க முடியாது. ஜெய்னம்பு அக்கரை மலாய்க்கார அம்மாவிடம் பேசி ஒரு தென்னையடியில் இடம் வாங்கித் தந்தாள். டின்களை எல்லாம் புதைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, தாயும் பிள்ளையும் ரயிலில் வந்து இறங்கிய பிறகு, லோங்காங்கின் மேல் மரக்கடைப் பலகை ஒன்றைப் போட்டோம். லட்சுமி அதில் கால் வைக்க மறுத்தது. ஜெயபாலன் இழுத்தான், ராசம்மா கெஞ்சினாள். அதுவும் டவுன்காரி ஆகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். யாராவது முன்னால் நடந்து காட்டினால் வரும் என்றாள் ராசம்மா, என்னையே பார்த்துக்கொண்டு. விளக்கு வந்த பிறகு அந்தப் பக்கம் கால் வைக்காதவன் நான். கோட்டைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். பின்னால் பலகையில் குளம்புச் சத்தம் கேட்டது.

அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவின் பின்கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. கடைசி வீட்டுக்குள் குழந்தை அழுதது. லட்சுமி தலையைத் தூக்கி "ம்மா" என்றது.

இந்த முறை யாரும் இருமவில்லை.