ஜன்னலுக்கு எண்ணெய்

விஜயம் ஜன்னலின் கைப்பிடியை இன்னொரு தடவை கீழ்நோக்கி அழுத்திப் பார்த்தாள். பாதி வரைக்கும் வந்தது. அதற்கு மேல் அசையமாட்டேன் என்று நின்றது.

“ஏன்னா, இது மூடமாட்டேங்கறது.”

“பலமாத் தள்ளு,” என்றார் நாகேஸ்வரன், நாற்காலியில் சாய்ந்தபடி. மூக்கில் ஆக்சிஜன் குழாய். காலடியில் அந்த மெஷின் புஸ் புஸ்ஸென்று அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“பலமாத் தள்ளி ஒடைஞ்சு போச்சுன்னா?”

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

ஒரு ஜன்னலுக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பீர்கள். மறுநாள் ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் பொங்கலிடும் பொங்காலை. திருவனந்தபுரத்தில் அன்றைக்குத் தெருவெல்லாம் அடுப்பு. வலியசாலையில் விஜயத்தின் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் சாயங்காலமே செங்கல் வைத்து இடம் பிடித்துவிட்டார்கள். காலையில் அத்தனை அடுப்பும் ஒன்றாக எரியும். ஓலையும் பாளையும் புகையும். ஊர் மறைந்து போகும். மற்றவர்களுக்கு அது கண் எரிகிற விஷயம், அவ்வளவுதான். நாகேஸ்வரனுக்கு அப்படி இல்லை. நுரையீரல் கெட்டுப்போன மனிதர். போன வருஷம் அந்தப் புகையில் உதடு நீலம் பாரித்து, அடுப்புகளுக்கு நடுவே நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்து வந்தார். “இன்னொரு தடவை இப்படி வந்தால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது” என்று டாக்டர் சொன்னது விஜயத்தின் காதிலேயே தங்கிவிட்டது.

அதனால்தான் மகன் மஹேஷ் வாசல் அறையின் பழைய மரஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்தான். வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு, சுற்றிலும் கறுப்பு ரப்பர். மூடினால் புகையும் வராது, சத்தமும் வராது. தான் இங்கே வரும் நாட்களில் ஆபீஸ் வேலை பார்க்கும் பின்கட்டு அறைக்கும் அதே அளவில் ஒன்று போட்டுக்கொண்டான், பக்கத்து வீட்டு கிரைண்டர் சத்தத்துக்காக. ஆனால் பின்கட்டுக்கு மேலே ஓடு. இடுக்கெல்லாம் ஆகாசம் தெரியும். வாசல் அறைக்குத்தான் தளம் போட்ட கூரை. புகை நாளில் நாகேஸ்வரன் இருக்க முடிந்த ஒரே இடம் அதுதான்.

பிப்ரவரி உஷ்ணத்தில் காற்றுக்காக ஜன்னல் திறந்தே கிடந்தது. கடைசியாக இறுக்கி மூடியது ஐப்பசியில், துலா மழையின்போது. இப்போதுதான் மறுபடி மூடப் போனாள்.

கழக்கூட்டத்தில் தன் வீட்டிலிருந்து போனில் மஹேஷ் கத்தினான். “ரெஜியைக் கூப்பிட்டேன் அம்மா. ஜன்னல் மாட்டினவன். அவன் அம்மாவும் தங்கையும் பொங்காலைக்கு வந்திருக்காளாம், அவாளுக்குக் காவலா நின்னுண்டிருக்கான். நாளன்னைக்குத்தான் வருவானாம்.”

“நாளன்னைக்கு வந்து என்னடா பண்றது? மேல்மூலையில ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல மூடுபனி மாதிரி நிக்கறதே, அதுனாலயா இருக்குமோ?”

“அதையும் கேட்டேன். உள்ள ஈரம் போயிருக்காம். கண்ணாடியை மட்டும் பின்னால மாத்திக்கலாம். அதுவழியாப் புகை வராது, பேடிக்காதே.”

மாதக்கணக்காக அவள் பயந்தது அந்த மூடுபனிக்குத்தான். உள்ளே துடைத்தாள், வெளியே துடைத்தாள், போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் வேறு எதையும் பார்க்கவில்லை.

“அப்பாவை இங்க கூட்டிண்டு வாங்கோன்னு ஒரு வாரமாச் சொன்னேன்,” என்றான் மஹேஷ்.

“எதுக்குடா ஜன்னல் போட்டே, அழகுக்கா?” என்று நாற்காலியிலிருந்து நாகேஸ்வரன் கேட்டார். ஒரு வாரமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த பதிலும் அதுதான். இனிமேல் கழக்கூட்டத்துக்குப் போக நினைத்தாலும் வழியில்லை. ஆட்டோகூட உள்ளே நுழைய முடியாதபடி தெரு நிறைந்துவிட்டது.

“டேப் ஒட்டு அம்மா. என் பார்சல் பெட்டி ஒட்டற பிரவுன் டேப் அலமாரில இருக்கு. நாலு பக்கமும் ஒட்டிடு.”

விஜயம் டேப்போடு தெருவுக்கு இறங்கினாள். ஜன்னலுக்கு நேர்கீழே உலகம்மை தன் செங்கல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். பாறசாலைக்காரி. வருஷா வருஷம் அதே இடம். நல்ல உயரம், நல்ல குரல்.

“என்ன மாமி, மொகம் வாடிக் கெடக்கு?”

விஜயம் சொன்னாள். உலகம்மை ஜன்னலையும் தன் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நா வேணும்னா அடுப்ப மாத்திக்கிடட்டா?”

ஆமாம் என்று சொல்ல விஜயத்தின் வாய் துடித்தது. வைத்த அடுப்பைப் பெயர்க்கச் சொல்லவும் மனசு வரவில்லை. பெயர்த்தால்தான் வைக்க இடம் ஏது? “தெரு முழுக்க அடுப்பு. உன்னோடது ஒண்ணை மாத்தி என்ன ஆகப்போறது? இந்த டேப்பை மேல ஒட்டித்தா, போரும். எனக்கு எட்டாது.”

உலகம்மை மேலே ஒட்டினாள். விஜயம் கீழேயும் பக்கங்களிலும் ஒட்டினாள். திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே ஒட்டியது சுருண்டு விழுந்தது. மறுபடி ஒட்டினாள், அழுத்தித் தேய்த்தாள். அதுவும் வழுக்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் ஒட்டியதும் தொங்கியது. மேலே உலகம்மை ஒட்டிய துண்டு மட்டும் விடாமல் நின்றது.

“ஒங்க கை ராசி சரியில்ல மாமி,” என்று உலகம்மை சிரித்தாள்.

விஜயம் சிரிக்கவில்லை. உரிந்து வந்த டேப்பை மூக்கருகில் கொண்டுபோனாள். தேங்காயெண்ணெய்.

கதவைத் திறந்து பார்த்தாள். கீழ்ச்சட்டத்து ரப்பர் ஊறிய வடகம் மாதிரி உப்பி, அலை அலையாய் நெளிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் அப்படியே. அதுதான் கதவைப் பதியவிடாமல் தள்ளிக்கொண்டிருக்கிறது. மேல்பக்கத்து ரப்பர் மட்டும் மெல்லிசாக, நேராக, வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. அவள் கை எட்டாத பக்கம்.

துலா மழை விட்டதும் அந்த ஜன்னல் கிரீச்சென்று சத்தம் போட ஆரம்பித்தது. கிரீச்சென்றால் எண்ணெய் போடுவதுதானே? ரப்பர் காய்ந்து வெடித்துவிடக்கூடாதே என்று வாராவாரம் வாசலில் நின்று, விரலால் தொட்டுத் தொட்டு, குழந்தைக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். எல்லாம் அவர் மூச்சுக்காக.

உரிந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போனாள். “நான்தான்னா கெடுத்துட்டேன். எண்ணெய் தேச்சுத் தேச்சு ரப்பர் ஊதிப்போயிடுத்து.”

நாகேஸ்வரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “வெள்ளிக்கிழமை உனக்கு, சனிக்கிழமை எனக்கு, ஞாயித்துக்கிழமை ஜன்னலுக்குன்னு வச்சிருந்தியாக்கும்?” அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் மூச்சு வாங்கினார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அந்த இருமல் நிற்கும் வரைக்கும் விஜயம் அவர் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். புகையே இல்லாமல் இப்படி இருமுகிறவர், நாளைக்கு?

அந்த நினைப்பில்தான் அவளுக்குப் பின்கட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. அதே அளவு. அதே ரப்பர். அது கிரீச்சிடவில்லை, அவள் எண்ணெய் போடவில்லை.

கொல்லைப்பக்கம் போய் அந்த ஜன்னலைத் திறந்து, கரண்டிக் காம்பால் ரப்பரின் நுனியை நெம்பினாள். இது அறுந்துபோனால் இதுவும் இல்லை, அதுவும் இல்லை. மெதுவாக, மெதுவாக, பிள்ளையின் அரைஞாணைக் கழற்றுகிற மாதிரி கழற்றினாள். முழுசாக வந்தது. அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தவளைப் பார்த்து உலகம்மை வாய்பொத்தினாள்.

“இது என்ன மாமி, வேண்டுதலா?”

“ஆமா, வேண்டுதல்தான். நீ செத்த எழுந்து வா.”

எண்ணெயில் ஊறிய ரப்பரை உரித்துப் போட்டார்கள். சட்டத்துப் பள்ளத்தைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் விட்டுத் தேய்த்து, பழைய வேஷ்டித் துணியால் ஈரம் போகத் துடைத்தார்கள். துடைத்த இடத்தை விஜயம் முகர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை தேய்த்தாள். மஹேஷ் போனில் எதையோ பார்த்துப் பார்த்துச் சொன்னான்.

“மேல நடுவுலேந்து ஆரம்பிக்கணும். கட்டைவிரலால அமுக்கிண்டே வா. இழுக்காதே அம்மா! இழுத்து வச்சா அப்பறம் சுருங்கி மூலையில வழிவிட்டுடும்.”

“நான் எங்கடா இழுத்தேன்?”

“இழுக்கியளே மாமி,” என்றாள் உலகம்மை.

போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அவள் கை தானாக இழுத்திருந்தது. ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். உயரத்தில் உலகம்மை, கீழே விஜயம். தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோது இரண்டு நுனியும் மேலே வந்து சேர்ந்தன. ஒரு விரற்கடை மிச்சமும் இருந்தது. அதைக் கத்தரித்துப் பொருத்தினார்கள்.

“சரியா இறுகித்தான்னு பாக்க ஒரு கடுதாசியை நடுவுல வச்சு மூடணும்,” என்றான் மஹேஷ். “உள்ளேந்து இழுத்தா வரப்படாது.”

விஜயம் சுவரிலிருந்த தினசரி காலண்டரின் தாளைக் கிழித்தாள்.

“இன்னிக்கு இன்னும் முடியலியேடி!” என்றார் நாகேஸ்வரன்.

“எனக்கு இன்னிக்குப் பட்டது போரும்.”

தாளின் பாதி வெளியே, பாதி உள்ளே. வெளியிலிருந்து உலகம்மை இரண்டு உள்ளங்கையாலும் கதவைத் தள்ளினாள். உள்ளே விஜயம் கைப்பிடியை அழுத்தினாள். டக்கென்று கீழே வந்தது. தெருவில் அத்தனை நேரம் அலறிக்கொண்டிருந்த மைக், பேச்சு, குழந்தை அழுகை எல்லாம் சட்டென்று அறுந்தன. மெஷினின் மூச்சு மட்டும் கேட்டது.

நாகேஸ்வரன் தாளை மெதுவாக இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

“விட்டுடுங்கோ. அது அங்கேயே இருக்கட்டும். மறுபடி திறந்து மூட எனக்கு தைரியம் இல்லை.”

காலையில் அவள் பானையோடு வெளியே கிளம்பும்போது அவர்தான் கட்டளை போட்டார். “சும்மா சும்மா கதவைத் திறந்துண்டு வராதே. நீ வந்தா ஒன்கூடப் புகையும் வரும்.”

“போன் பண்ணினா அந்த இரைச்சல்ல கேக்காது. மூச்சு முட்டினா கண்ணாடியில கையை வையுங்கோ. நான் பாத்துண்டேதான் இருப்பேன்.”

பின்கட்டுக் கதவை அடைத்து, வாசல் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் அவள் தெருவில் இறங்கினாள். உலகம்மை தன் செங்கல்லுக்குப் பக்கத்திலேயே அவளுக்கும் இடம் விட்டிருந்தாள்.

கோயில் அடுப்பில் மூட்டிய தீ, அடுப்புக்கு அடுப்பு கைமாறி அவர்கள் தெருவுக்கு வந்தது. நாக்கைச் சுழற்றிப் பெண்கள் இடுகிற குரவைச் சத்தம் அலையாக எழுந்தது. ஓலை பற்றியது. முதலில் புகை கால்மட்டத்தில் சுற்றிற்று, பிறகு இடுப்பு, பிறகு எதிர்வீடு காணாமல் போனது. விஜயம் பானையைப் பார்த்தது கொஞ்சம், ஜன்னலைப் பார்த்தது அதிகம். புகைக்குள் அவர் முகம் ஒரு வெளுத்த வட்டமாகத் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. புகையாலா, பயத்தாலா என்று பார்க்க நேரமில்லை.

அப்போதுதான் காலண்டர் தாளைக் கண்டாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி வெடவெடவென்று ஆடியது.

காற்று போகிறது. இடுக்கு வழியாகக் காற்று போகிறது. காற்று போனால் புகையும் போகும். விஜயம் கரண்டியைப் போட்டுவிட்டு வாசல்படி ஏறினாள்.

“மாமி! பொங்க வருது! எங்க ஓடுதிய?” என்று உலகம்மை கத்தினாள்.

ஈரத்துண்டைக் காலால் தள்ளியாகிவிட்டது. தாழ்ப்பாளில் கை வைத்தாகிவிட்டது. திறந்தால் தெருப்புகை முழுவதும் அவளோடு உள்ளே நுழையும். அவள் விரலில் இன்னும் தேங்காயெண்ணெய் வாசனை போகாமல் இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தோன்றிற்று. இந்தக் கைதானே ஜன்னலைக் கெடுத்தது? தாழ்ப்பாளை விட்டாள். துண்டை மறுபடி அடியில் திணித்தாள். அதை விடக் கடினமான வேலையை அவள் அந்த வருஷம் செய்யவில்லை.

ஓடிவந்து ஜன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தி, இரண்டு கையாலும் புகையை மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

உள்ளே காற்று தெளிவாக இருந்தது. நாகேஸ்வரன் நாற்காலியை ஜன்னலருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளின் உள்பாதியைப் பிடித்து ஆட்டி ஆட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அவர் இழுத்த இழுப்புக்கெல்லாம் ரப்பர் நெகிழ்ந்து வெளிப்பாதி ஆடியது. இன்னும் பலமாக இழுத்தார். தாள் நடுவே கிழிந்தது. கையில் வந்த பாதியை அவள் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். உதடு சிவப்பாக இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது.

வெளியே மற்றப் பாதி ரப்பரின் பிடியில் அசையாமல் நின்றது.

“ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கா? என் உசிரே போயிடுத்து! பொங்கற பானையை விட்டுட்டு வந்து நிக்கறேன், தெரியறதா? அசையாம ஒக்காருங்கோ!”

ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. அவர் தலையை ஆட்டி, அவளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அவள் திரும்பினாள். பானை வாய் நுரைத்து, செங்கல் மேல் வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கும் சேர்த்து உலகம்மை குரவையிட்டாள்.