ஐம்பத்தாறு கார்களும் ஒரு வடையும்

பெரம்பலூர்ப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தில் அன்று காலையிலிருந்து ஐம்பத்தாறு கார்கள் ஓடிவிட்டன. ஜாவா கணினி மொழி வாய்மொழித் தேர்வில், ஆப்ஜெக்டுக்கு, அதாவது பொருளுக்கு, ஓர் உதாரணம் கேட்டால் எல்லாரும் காரையே சொன்னார்கள். ஒரே ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியவர்கள் ஆயிற்றே. காரின் நிறம்கூடச் சிவப்பு.

ஐம்பத்தேழாவது ஆள் மணிமொழி. ஜாவாவில் ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவள். இன்றும் விட்டால் பட்டம் கிடையாது. அவளுக்கும் கார்தான் தெரியும்.

"உக்காரும்மா," என்றார் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முத்தமிழ்செல்வன். "ஆப்ஜெக்டுக்கு உதாரணம் சொல்லு. கார்னு மட்டும் சொன்னே, ஃபெயில் போட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன்."

மணிமொழி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேசையில் அவர் பாதி கடித்து வைத்திருந்த வடைதான் கண்ணில் பட்டது.

"வடை சார்."

"சரி, வடை. அப்புறம்?"

அப்புறம் பாடப்புத்தகம் கைவிட்டது. விக்கிரமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் செல்போனில் படித்த தத்துவக் கட்டுரைதான் வாயில் வந்தது. மனிதன், வடை, சுண்ணாம்புக்கல் எல்லாமே சரிசமமான பொருள்களாம். எந்தப் பொருளும் தன்னை முழுசாக யாருக்கும் காட்டாதாம்.

"நீங்க கடிச்சப்ப ருசி மட்டும்தான் சார் உங்களுக்குக் கிடைச்சுது. எறும்புக்கு எண்ணெய் மட்டும் கிடைக்கும். முழு வடையை இதுவரைக்கும் ஒருத்தரும் பாத்ததில்ல சார்."

அவர் வடையைச் சற்றுப் பயத்தோடு பார்த்தார். "இது தத்துவம்மா. நான் கேட்டது புரோகிராம். ரெண்டுக்கும் வித்தியாசம் சொல்லு. சொன்னா பாஸ்."

"புரோகிராம்ல முதல்ல கிளாஸ்னு ஒரு வரைபடம் எழுதணும் சார். அதுலேர்ந்துதான் ஆப்ஜெக்ட் பொறக்கும். உள்ள இருக்கறதை மறைச்சு வச்சாலும், எழுதுன நமக்கு எல்லாம் தெரியும். நெசமான வடைக்கு அப்படி இல்ல. சுட்டவருக்கே முழுசாத் தெரியாது."

"அதெப்படி? சுட்டவரையே கேட்டுடுவோம்." தேநீரோடு உள்ளே வந்த கேண்டீன் கொளஞ்சியை மடக்கினார். "அண்ணே, இந்த வடைக்குள்ள என்னென்ன இருக்கு?"

"உளுந்து, மொளகு, வெங்காயம்..." கொளஞ்சி தலையைச் சொறிந்தார். "ஆனா இன்னைக்கு ஒரு வாசம் வருது பாருங்க சார், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்கே தெரியல."

முத்தமிழ்செல்வன் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. "எந்திரிச்சு ஓடும்மா. பாஸ்!"

ஓடினாள். கதவுக்கு ஒரு நன்றி சொன்னாள், படிக்கட்டுக்கு ஒரு வணக்கம் போட்டாள். அரியலூர் பஸ்ஸில் ஏறி, காலியாக இருந்த சீட்டைப் பார்த்துப் பணிவாகக் கேட்டாள்: "உக்காரட்டுங்களா?"

பக்கத்திலிருந்த அம்மாள் தன்னைத்தான் கேட்கிறாள் என்று கூடையை நகர்த்திக்கொண்டார்.

"உக்காரு தங்கம், இதுக்கெல்லாமா கேப்பாங்க?"