கண் எழுதாத முருகன்

...திரையை இறக்கிவிட்டுத்தானே சாப்பிடப் போயிருக்க வேண்டும், கண் எழுதாத சாமியை யாரும் பார்க்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், இன்றைக்குப் பார்த்தா கோட்டை விடுவேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றான் சரவணமுத்து. கை ஈரம்கூடக் காயவில்லை. உள்ளே சுவர் நிறையக் குழந்தை முருகன், மயில், வேல், இடுப்புச் சதங்கை எல்லாம் முடிந்தாயிற்று, கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் சந்தன நிறம். எதிரே கட்டிலில் ஆத்தாயி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தா இருக்கிறாள்? பிளேக்கில் பிள்ளையைப் பறிகொடுத்ததிலிருந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துச் சுருண்டு கிடந்தவள், அவன் வந்த நாள் முதல் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காதவள்... அவள் புருஷன் சின்னண்ணன் புதுச்சத்திரத்திலிருந்து சேலத்து நாடகக் கொட்டகைக்கே தேடி வந்து, பார்த்தால் மனசு எழுந்து நிற்கிற மாதிரி ஒரு படம் எழுதித் தாங்க என்று கேட்டபோது உள்ளுக்குள் சிரித்தவன்தான் இவன். காடும் அரண்மனையும் நிலாவுமாக எத்தனை திரை எழுதியிருக்கிறான், மனசை எழுப்புகிற சாயம் எந்தக் கடையில் விற்கிறது?

அவள் கண் சுவரை விட்டு அசையவில்லை. முகத்தில் அப்படி ஒரு அமைதி, பார்க்கவே அவனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"புள்ள தூங்கறானுங்க. எழுப்பிப் போடாதீங்க" என்றாள், குரல் வெளியே வராமல்.

தூங்கவில்லை அம்மா, இன்னும் கண் எழுதவில்லை என்று சொல்லலாமா... சொன்னால் மறுபடி சுருண்டுகொள்வாளோ? எழுதாமலே விட்டுவிட்டால்? கண் திறக்காத சாமி வீட்டில் இருக்கலாகாது என்று தொழில் சொல்லித் தந்த அப்பா சத்தியம் வாங்கியிருக்கிறாரே, கண் இல்லாதவரை அது சாமியே இல்லை, சுண்ணாம்பும் சாயமும்தான் என்பாரே... வெறும் சுண்ணாம்பா இவளைத் தூக்கி உட்கார வைத்தது? என் கையா செய்தது இதை? நான் எழுதாமல் விட்ட இடமல்லவா செய்திருக்கிறது, கடவுளே. இத்தனை வருஷமும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், படம் பார்க்கிறவர் முகத்தை ஒருநாளாவது பார்த்தேனா?

பின்னால் சின்னண்ணன் வந்தான். கண் திறந்ததும் சாமி முதலில் தன்னைத்தானே பார்க்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடி கொண்டு வந்திருந்தான்.

"ஏனுங்க, நல்ல நேரம் முடியறதுக்குள்ள கண்ணத் தொறந்தரலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தான்.

சரவணமுத்துவின் விரல் தானாகப் போய் உதட்டில் நின்றது. சத்தம் போடாதே என்று அவனைத் தடுத்த பிறகுதான் உறைத்தது... யார் விழித்துக்கொள்வார் என்று பயந்தேன் நான்?