பெல்ட் வழுக்கிய பகல்

பழைய அறுவடை இயந்திரத்தின் பெல்ட் வழுக்கத் தொடங்கிய அன்று ஊரில் பகலும் சேர்ந்து வழுக்கியது. உச்சிக்கு வந்த சூரியன் கொஞ்சம் மேற்கே சாய்வதும், பிறகு பழைய இடத்துக்கே சறுக்குவதுமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்க வந்து பொங்காமல் அடங்கியது. யாருக்கும் தாடி வளராததால் முடிதிருத்துபவர் கடையில் ஈ ஓட்டினார். மேற்கே கறுத்துத் திரண்ட மேகமும் மலையைத் தாண்ட முடியாமல் நின்றது. முற்றிய கதிர் நனையாமல் தப்பியதே என்று வயல்காரர்களுக்கு அதில் மகிழ்ச்சிதான்.

ஓட்டுநருக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. அன்று அவருடைய தங்கைக்கு இடுப்புவலி கண்டிருந்தது. வலி ஏறும், இறங்கும், மறுபடி முதலிலிருந்து ஏறும். பொழுது நகர்ந்தால்தான் பிள்ளையும் நகரும் என்று செவிலி சொல்லிவிட்டாள். ஓட்டுநர் பெல்ட்டை இறுக்கிப் பார்த்தார். ரப்பர் கருகிய வாடை வந்ததுதான் மிச்சம். புதுசு மாட்டினார், அதுவும் புரண்டுகொண்டது. ஊரில் தையல் இயந்திரம் முதல் டிராக்டர் வரை பழுது பார்ப்பவள் அவர் மனைவிதான். தன் வண்டியில் மட்டும் அவளைக் கைவைக்க விட்டதில்லை. அன்று வீம்பை விட்டுக் கூப்பிட்டார்.

அவள் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கழற்றிப் போட்ட பெல்ட்டை வளைத்துப் பார்த்தாள். ஒரு ஓரம் கண்ணாடிபோல் மழமழத்திருந்தது, மறு ஓரம் புதிதுபோல் இருந்தது.

"பெல்ட் மேல குத்தமில்லைங்க. சக்கரம் ரெண்டும் நேருக்கு நேர் இல்ல."

மேல் சக்கரத்திலிருந்து கீழ்ச் சக்கரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தாள். கீழே ஒரு விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் இரும்பில் போல்ட் துளை முட்டைபோல் நீண்டு, சக்கரம் தலை சாய்ந்திருந்தது. சரிசெய்தால் மேகமும் கிளம்பிவிடுமே என்று வயல்காரர்கள் முனகினார்கள்.

"கிளம்பும்தான். ஆனா வயித்துக்குள்ள ஒரு பிள்ளை காத்துக்கிட்டு நிக்குதுங்க," என்றாள். முனகியவர்கள் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போய் நின்றார்கள்.

துளையை அடைத்துப் புதிதாகத் துளைத்து, சக்கரத்தை நிமிர்த்தினாள். நூல் இரண்டு சக்கரத்திலும் படிந்ததும் பெல்ட்டை மாட்டிச் சாவியைக் கணவரிடம் நீட்டினாள். பெல்ட் பிடித்த நொடியில் சூரியன் மேற்கே உருண்டது. ஊர் முழுக்கப் பால் பொங்கி வழிந்தது. ஆண்கள் மோவாயைச் சொறிந்துகொண்டே முடிதிருத்துபவர் கடைக்கு ஓடினார்கள். மேகம் மலையிறங்கி வயலுக்குள் நுழைந்தது. ஓட்டுநர் முன்னால் அறுத்துக்கொண்டு போக, மழை இயந்திரத்தின் வால்பக்கமாகவே வந்து அறுத்த தாளை மட்டும் நனைத்தது. கடைசி மூட்டை கூரைக்குள் போனபோது அவர் பிடரியில் முதல் துளி விழுந்தது. வீட்டுப் பக்கமிருந்து பெண்குழந்தை பிறந்த செய்தி வந்தது. அவர் முதலில் திரும்பிப் பார்த்தது மனைவியைத்தான். அவள் நனைந்தபடியே பெல்ட்டைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதெல்லாம் அந்த ஊரில் கடிகாரம் நின்றால் யாரும் சாவி கொடுப்பதில்லை, ஓட்டுநர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்தி, "இருங்க, எங்க வீட்டம்மா கை கழுவிட்டு வந்துடுவாங்க," என்கிறார். வந்தவர்களும் பொழுதை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.