ஹார்லன் க்ரூபா வீட்டுப் பனி

1981 ஏப்ரலில் மிச்சிகனின் ஹேடன் டவுன்ஷிப்பில் எல்லா வீடுகளிலும் பனி உருகியது. ஹார்லன் க்ரூபாவின் வீட்டில் மட்டும் உருகவில்லை, இன்றுவரை உருகவில்லை. அது நடந்தது 1982இல் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் மில்லர் சாலையில் புதிய கழிவுநீர்க் குழாய் பதித்த வருடம் அதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வதால் 1981 என்றே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் புல் முளைத்தது, அந்தப் பக்கம் முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. முதலில் குழாய் எங்கோ உடைந்திருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு கருவியை நட்டுவிட்டுப் போனார்கள். அதை எடுத்துப் போக யாரும் திரும்பி வரவில்லை. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினக் கொண்டாட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் பீர்ப் பெட்டிகளைக் கொண்டுவந்து அவன் பனியில் புதைத்து வைக்கப் பழகினார்கள். தபால்காரி அந்த ஒரு வாசலுக்காகவே வண்டியில் ஒரு ஜோடி பூட்ஸ் வைத்திருந்தாள். அதற்கு மேல் யாரும் பெரிதாக ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

காரணம் கார்தான். 1970இல், கல்யாணமான அதே வசந்தத்தில், ஹார்லன் ஒரு போன்டியாக் ஜட்ஜ் வாங்கினான். ஆரஞ்சு நிறம், மடக்கும் துணிக்கூரை, வகையிலேயே பெரிய என்ஜின். அந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கம்பெனியிலிருந்து வெளிவந்த வண்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். வாங்கும்போது அவனுக்கு அது தெரியாது. விளக்குக்கம்பத்தின் கீழே நின்றபோது அழகாக இருந்தது, வாங்கிவிட்டான். ஒன்பது வருடம் ஓட்டினான். ஒரு ஆகஸ்டு மாதம், ஃப்ளிண்டுக்குப் போகும் நெடுஞ்சாலையில் எவனோ ஒருவனோடு பந்தயம் போட்டு, சிவப்புக் கோட்டைத் தாண்டி மீட்டர் முள் நடுங்கும்வரை மிதித்து, என்ஜினை இறுகிப்போக வைத்துவிட்டான். இழுத்துக்கொண்டு வந்து கராஜுக்குப் பக்கத்தில் மேப்பிள் மரத்தடியில் நிறுத்தினார்கள். கராஜுக்குள் இடமில்லை, அந்தக் காரைப் பழுதுபார்க்க அவன் வாங்கிச் சேர்த்த சாமான்கள் அங்கே கூரைவரை அடைந்திருந்தன.

அடுத்த வருடம் அவன் வேலை பார்த்த ஆலையில் ஆட்குறைப்பு நடந்தது. ஹார்லன் வீட்டில் உட்கார்ந்தான். கார் நிற்பது சாலையிலிருந்து தெரியும். அதன் மதிப்பு தெரிந்தவர்கள் பிரேக் போட்டு இறங்கிவந்து கதவைத் தட்டினார்கள். இண்டியானாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் வந்தார், இரட்டையர்களான இரண்டு விவசாயிகள் வந்தார்கள், ஒரு பாதிரியார்கூட வந்தார். எல்லோரும் விற்கிறாயா என்றுதான் கேட்டார்கள். எல்லோருக்கும் ஹார்லன் ஒரே பதிலைத்தான் சொன்னான்: "விக்கிறதுக்கு இல்லீங்க. நானே பண்ணப் போறேன். பனி உருகட்டும், வேலைய ஆரம்பிச்சிருவேன்." மிச்சிகனில் முற்றத்தில் கார் நிறுத்தியிருக்கும் யாரும் சொல்கிற பேச்சுதான் அது. சொன்னவர்கள் எல்லோருக்கும் பனி உருகியது, வேலை மட்டும் நடக்கவில்லை. ஹார்லனுக்கு என்னவோ வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் அதை மற்றவர்களைவிட அதிக முறை சொல்லியிருக்கலாம், அல்லது அதிகமாக நம்பியிருக்கலாம்.

முதலில் கண்டுபிடித்தவள் அவன் மனைவி வெர்னா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். இரண்டாவது ஏப்ரலில், தெரு முழுக்க மண் வாசனை அடிக்க, வேலை முடிந்து வந்து தன் வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஹார்லன் ஒருவரிடம் அதே பேச்சைப் பேசுவது காதில் விழுந்தது. பேசி முடித்ததும் மேகமே இல்லாத வானத்திலிருந்து பனி பொழிய ஆரம்பித்தது.

"அந்தப் பேச்ச விடு ஹார்லன்," என்றாள். "ஒண்ணு வித்துடு, இல்ல பண்ணு. உன் வாயாலதான் இது உருகாம கெடக்கு."

"பண்ணத்தான் போறேன்."

"எப்போ?"

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "இந்தக் குளிர்ல எவன் போல்ட்டு கழட்டுவான்? பனி உருகட்டும்."

எதிர்வீட்டு செட் பிகலோ வேலிமேல் சாய்ந்துகொண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பான்: "என்னடா, ஜட்ஜ் இந்த வருஷமும் வாய்தாதானா?" ஹார்லன் ஒரு பனி உருண்டையை அவன்மீது எறிவான். உருண்டை வேலியைத் தாண்டியதும் தண்ணீராகி செட்டின் சட்டையை நனைக்கும். இருவரும் சிரிப்பார்கள். வருடங்கள் போகப்போக செட்டின் சிரிப்பில் பல் குறைந்தது. ஹார்லனின் சிரிப்பில் குறையவில்லை.

வெர்னா இதைத்தான் இரண்டாவதாகக் கண்டுபிடித்தாள், அதுவும் மிகத் தாமதமாக. ஹார்லன் வேலியைத் தாண்டுவதில்லை. முதலில் தாண்டுவதற்கு வேலையில்லை. பிறகு, தான் இல்லாத நேரத்தில் யாராவது காரைப் பார்க்க வந்துவிட்டால் என்ற கவலை. அந்தப் பனிக்குள்ளேயே இருந்தவனுக்கு முப்பத்தொன்பது வயது அப்படியே நின்றுவிட்டது. தினமும் வெளியே போய் வந்த வெர்னாவுக்கு மட்டும் நாற்பது வந்தது, ஐம்பது வந்தது, முட்டி வலி வந்தது. மீட்டர் பார்க்க வந்த புது ஆள் ஹார்லனிடம், "அம்மா வீட்ல இருக்காங்களா?" என்று கேட்டான். வெர்னா உள்ளேயிருந்து, "இருக்கேன், வா," என்றாள். ஹார்லனுடைய அம்மா இறந்தபோது அவன் போகவில்லை. மகள் டானெட்டின் கல்யாணத்துக்குத் தேவாலயத்துக்கும் போகவில்லை; பெண்ணும் மாப்பிள்ளையும் வேலியோரம் வந்து நின்றபோது உள்ளேயிருந்து அரிசி தூவினான். மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் அப்போது ஏறக்குறைய ஒரே வயது என்றுதான் தோன்றியது. சில வருடங்களில் மாப்பிள்ளை முந்திவிட்டான்.

டானெட் டென்னசிக்குக் குடிபோனாள். வாரம் ஒருமுறை தொலைபேசியில் அழைப்பாள். வெர்னாவின் இருமல் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கீழே இறங்கி, கடைசியில் நெஞ்சுக்கூட்டின் அடியில் போய்த் தங்கிவிட்டது. வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் அவள் உறைந்த வீட்டில்தான் தூங்கி எழுந்தாள். 2008 வசந்தத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் இன்னும் ஒன்றிரண்டு வருடம்தான் இந்த நுரையீரல் தாங்கும் என்று சொன்னார்.

"நீ மட்டும் கெளம்பி வாம்மா," என்று டானெட் அழுதாள். வெர்னா போனாள். ஒரு வாரம் இருந்தாள். அங்கே ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க முடிந்தது. ஆனாலும் ஹார்லன் தனியாக டின் சூப் சூடுபண்ணிக் குடிப்பது கண்முன்னாலேயே நின்றது. திரும்பி வந்துவிட்டாள். அவளுக்கு வேண்டியது டென்னசி இல்லை. தன் வீட்டு முற்றத்தில் ஒரு வசந்தம், அதில் தன் வயதுக்காரனாக ஒரு ஹார்லன். அதற்கு ஒரே வழிதான் இருந்தது.

ஓஹையோவிலிருந்து ராய் டில்மன் என்கிற ஆள் ஆறு வருடமாக வந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஜூனில் ஒருநாள் வெர்னா அவனை அழைத்தாள். வாங்கும்போதே வண்டியை இருவர் பெயரிலும்தான் பதிவு செய்திருந்தார்கள்.

"இன்னிக்கு வண்டிய எடுக்க வர்றாங்க," என்று காலையில் ஹார்லனிடம் சொன்னாள். "குடுத்துட்டேன்."

அவன் முட்டையைக் கிளறிக்கொண்டே, "குடுக்கலாம்," என்றான். "பனி உருகட்டும்."

டில்மன் வண்டி ஏற்றும் லாரியோடு வந்தான். கூடவே ஒரு உதவியாள். செட் பிகலோ மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சாலையோரம் உட்கார்ந்தான். மேப்பிள் மரத்தடியில் காரின்மேல் வருடக்கணக்காகச் சேர்ந்திருந்த பனியை டில்மனும் உதவியாளும் மதியம்வரை வெட்டினார்கள். கார் வெளிப்பட்டபோது டில்மன் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளித் துரு இல்லை. குளிர்காலச் சாலைகளில் கொட்டும் உப்பு இரண்டே வருடத்தில் தகரத்தைத் தின்றுவிடும் ஊர் இது. இப்படியொரு ஆரஞ்சு நிறத்தைச் செட்டின் பேரப்பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை.

"மேடம், இது நேத்து கடையிலேருந்து எறக்குன மாதிரி இருக்கு," என்றான் டில்மன். குரல் தாழ்ந்திருந்தது.

லாரி வேலிக்கு வெளியே சாலையில் நின்றது. லாரியின் இழுவைக் கம்பியைக் காரில் மாட்டி, வேலி வாசல் வழியாக மெதுவாக இழுத்தார்கள். அந்த வண்டியின் மூக்கு இரும்பு இல்லை. ரப்பர் போன்ற ஒன்றில் செய்து மேலே வண்ணம் பூசியது. அதனால் அது வேலிக் கோட்டைத் தாண்டி ஜூன் மாதத்துக்குள் வந்தபோது ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரத்தில்தான் வெர்னா அதைக் கேட்டாள். கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. சமையலறை ஜன்னலுக்குக் கீழே பனி குழிந்து, உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாய்ப் புல் தெரிந்தது. அவள் மூச்சை இழுத்தாள். அது தடையில்லாமல் அடிவரை போனது.

அடுத்து முன்பக்கத்து மட்கார்டுகள் கோட்டைத் தாண்டின. தாண்டிய இடத்திலெல்லாம் இருபத்தேழு குளிர்காலமும் ஒன்றாக வந்து இறங்கின. ஆரஞ்சு கொப்பளித்தது, கறுத்தது, ஓட்டை விழுந்தது, பிறகு சத்தமே இல்லாமல் பொடிப்பொடியாகச் சாலையில் கொட்டியது. ரப்பர் மூக்கு மட்டும் பளபளவென்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! நிறுத்துடா!" என்று டில்மன் உதவியாளிடம் கத்தினான்.

ஹார்லன் பனியில் விழுந்து எழுந்து ஓடிவந்தான். பானெட்டைப் பிடிப்பதுபோல வலது கையை வேலிக்கு மேலே நீட்டினான். நீட்டிய கை மணிக்கட்டுவரை சுருங்கியது. புள்ளிகள் விழுந்தன, நரம்பு புடைத்தது, விரல் முட்டிகள் வீங்கின. வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டான். உள்ளே வந்த பிறகும் கை கிழடாகவே இருந்தது. யாரோ தவறாகத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல அதைப் பார்த்தான்.

செட் நாற்காலியிலிருந்து எழுந்து, "வெளிய வாடா," என்றான், கிண்டலே இல்லாமல். "ஒண்ணும் ஆகாது. நாங்கல்லாம் இருக்கோம்ல?"

"என்னால முடியாது வெர்னா," என்றான் ஹார்லன். செட்டை அவன் பார்க்கவே இல்லை. "இவ்வளவும் ஒரேயடியா வந்தா என்னால முடியாது."

அவளுக்குத் தெரியும். அவன் அம்மாவின் சவப்பெட்டி, ஆலையை இடித்த நாள், டானெட் இழந்த முதல் குழந்தை: எல்லாம் வேலிக்கு வெளியே அவனுக்காக அப்படியே காத்திருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாக, அதனதன் வருடத்தில் தூக்கிக்கொண்டாள். அப்படியும் இந்த முட்டி, இந்த நெஞ்சு. அவன் ஒரே மதியத்தில் தூக்க வேண்டும். இரும்பே தாங்கவில்லை என்பது சாலையில் கிடந்தது.

"மேடம், இழுக்கவா விடவா?" என்றான் டில்மன். "எப்படியும் எனக்கு இது வேணாம். நீங்க சொல்றத செய்யறேன்."

கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெர்னா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"உள்ள விட்டுடுங்க," என்றாள்.

டில்மனும் உதவியாளும் தள்ள, கார் உருண்டு மரத்தடிக்குத் திரும்பியது. சொட்டுவது நின்றது. விழாத கடைசிச் சொட்டு கூரை விளிம்பில் ஊசியாக உறைந்து இன்னும் அங்கேயே இருக்கிறது. டில்மன் போன பிறகு வெர்னா துடைப்பம் எடுத்துச் சாலையைப் பெருக்கினாள். துருவைக் கொட்டக் குப்பைத் தொட்டியே போதுமானதாக இருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் விஸ்கான்சினிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "முன்பக்கம் மட்டும் போயிருச்சுங்க," என்று ஹார்லன் விளக்கினான். "மட்கார்டு கெடைக்குது, விசாரிச்சுட்டேன். பனி உருகட்டும்." உள்ளே வெர்னா இருமினாள். டாக்டர் சொன்ன கெடுவை அவள் இரண்டு வருடம் தாண்டினாள். அது எதனால் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. கடைசி மாதங்களில் டானெட் வந்து தங்கினாள், இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

ஹார்லனின் வலது கை மட்டும் திரும்ப இளமையாகவில்லை. அது வெர்னாவோடு சேர்ந்து வயதாகிக்கொண்டே போனது. அவளுக்கு விரல் மரத்தால் அதற்கும் மரத்தது. அவளுக்கு நகம் மஞ்சளித்தபோது அதற்கும் மஞ்சளித்தது. வெளியே காலம் மாறினால் அந்தக் கைக்குத் தெரிந்தது. மே மாதத்தில், ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்திருக்கும் அறையில், அது லேசாக வியர்க்கும். வெர்னா கையுறையைக் கழற்றிவிட்டு அதைப் பிடித்துக்கொள்வாள்.